அண்ணன் போனை வைத்ததும் அடகுக்கடை

கேள்வி: ஐயா, கரூர் பக்கம் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் கைக்கு 34,000. கணவருக்கு 26,000. இரண்டு பிள்ளைகள். அப்பாவுக்கு 71 வயது, நாற்பது வருடம் மளிகைக் கடை நடத்தியவர். பிப்ரவரியில் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. இப்போது கல்லீரலுக்கும் பரவிவிட்டது. "இனி கீமோவை உடம்பு தாங்காது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். ஏற்கெனவே நகைக்கடன் 4.2 லட்சம் (ஒரு வட்டி), தனிநபர் கடன் 3 லட்சம், ஆப் கடன் 60,000 இருக்கிறது. அப்பா பெயரில் உள்ள வீட்டுப் பத்திரத்தின் மேல் ரெண்டு வட்டிக்கு 8 லட்சம் தர ஒருவர் தயாராக இருக்கிறார். வாங்கலாமா? அப்பா பெயரில் வங்கியில் மூன்றரை லட்சம் டெபாசிட்டும் உண்டு. அம்மாவுக்கும் காரியச் செலவுக்கும் என்று அதைத் தொடாமல் வைத்திருக்கிறோம். புற்றுநோய்க்கு இப்போதே பாலிசி எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். அதை எடுக்கலாமா? அப்பா தினமும் "இன்னைக்கு எவ்வளவும்மா ஆச்சு?" என்று கேட்கிறார். இன்சூரன்ஸில் போகிறது என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: இரண்டுமே வேண்டாம்.

கடிதத்தோடு செலவுக் கணக்கைத் தேதிவாரியாக இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். மளிகைக் கடைக்காரர் மகள் என்பது அதைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் எழுதிய நீங்களே அதில் ஒன்றைக் கவனிக்கவில்லை. மார்ச் 10: "அண்ணன் பேசினார், வேற இடத்தில் காட்டணும்னு சொன்னார்." மார்ச் 11: நகை அடகு. மே 3: "அண்ணன் வீடியோ காலில் அழுதார்." மே 5: தனிநபர் கடன், கோவையில் ஐசியு. ஜூலை 18: "அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினார்." அன்று இரவே ஆப்பில் 60,000 வாங்கி, வெளி மாநிலத்திலிருந்து மூலிகைப் பொட்டலம் வரவழைத்திருக்கிறீர்கள். மூன்று கடனில் ஒன்றைக்கூட டாக்டர் சொல்லி வாங்கவில்லை. அண்ணன் போனை வைக்கிறார், நீங்கள் அடகுக்கடைக்குக் கிளம்புகிறீர்கள். இப்போது வீட்டுப் பத்திரம் நான்காவது.

வரவுப் பத்தியில் அண்ணன் பெயருக்கு நேரே எவ்வளவு இருக்கிறது என்று தேடினேன். ஏப்ரலில் 25,000, ஒரே ஒரு முறை. "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்று தூரத்தில் இருந்து சொல்வது சுலபம். அவரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து பார்க்க முடியாத குற்ற உணர்ச்சி அப்படிப் பேச வைக்கும். ஆனால் அந்தக் குற்ற உணர்ச்சிக்கு வட்டி கட்டுவது நீங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். நகைக்கடனுக்கு மாத வட்டி 4,200. தனிநபர் கடன் 16 சதவீதத்தில் நான்கு வருடம் என்றால் தவணை சுமார் 8,500. ஆப் கடனுக்கு 6,000. எட்டு லட்சத்துக்கு ரெண்டு வட்டி என்பது மாதம் 16,000. கூட்டினால் 34,700. உங்கள் சம்பளம் 34,000. மாதம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, மேலே 700 ரூபாயைக் கணவரிடம் வாங்க வேண்டும். இதில் ரெண்டு வட்டி என்று காதுக்கு இதமாகச் சொல்வது வருடத்துக்கு 24 சதவீதம். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினால் 3.84 லட்சம் போயிருக்கும், அசல் எட்டு லட்சம் அப்படியே நிற்கும். அது அம்மா குடியிருக்கும் வீடு. படுக்கையில் இருப்பவரிடம் கைநாட்டு வாங்கி எழுதும் அடமானப் பத்திரம் நாளைக்கு எத்தனை வழக்குக்கு வழி விடும் என்பதையும் யோசியுங்கள்.

இன்னொரு பக்கம் மூன்றரை லட்சம் டெபாசிட் 7 சதவீதத்தில் தூங்குகிறது. முன்கூட்டியே எடுத்தால் வங்கி பெரும்பாலும் ஒரு சதவீதம் வரை வட்டியில் பிடிக்கும். வருடத்துக்கு 3,500 ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தொகையை ரெண்டு வட்டிக்கு வெளியில் வாங்கினால் வருடத்துக்கு 84,000. அப்பாவின் பணத்தை அப்பாவுக்குச் செலவழிக்காமல் காரியத்துக்கு எடுத்து வைத்திருப்பது எனக்குப் புரியவே இல்லை. ஊரில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் உங்களை மட்டும் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

ஏஜென்ட் விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். நோய் உறுதியான பிறகு எடுக்கும் பாலிசியில் அந்த நோய்க்கு உடனே பணம் வராது, மறைத்து எடுத்தால் கிளெய்ம் வரும்போது நிராகரித்துவிடுவார்கள். அவருக்கு கமிஷன் மட்டும் நிச்சயம். "ஜீரோ வட்டி மெடிக்கல் இஎம்ஐ கார்டு" பற்றியும் கணக்கின் ஓரத்தில் கிறுக்கியிருக்கிறீர்கள். பிராசசிங் கட்டணம் என்று ஒரு வரி அதில் இருக்கும், அதைப் படித்துவிட்டு அந்த விளம்பரத்தை அழித்துவிடுங்கள்.

அலுவலகக் குழுக் காப்பீட்டில் மீதி இருக்கும் 90,000-ஐ வீட்டுப் பராமரிப்புக்குக் கேட்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதில்தான் கசப்பு. நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் பொதுவாக இருக்கும் விலக்குகளில் ஐந்தாம் எண்ணைப் பாருங்கள். வீட்டிலோ நர்சிங் இல்லத்திலோ ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதும், குணமாகாத நிலையில் இருப்பவர்களுக்கான ஆதரவுச் சேவைகளும் அதில் விலக்கப்பட்டிருக்கும். குளிப்பாட்ட, திரும்பிப் படுக்க வைக்க, துணைக்கு உட்கார, எதற்கும் வராது. அதே பாலிசி ஐசியு-வில் சேர்த்தால் பணம் தரும். ஆட்கள் ஆஸ்பத்திரிக்கே திரும்பத் திரும்ப ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த 90,000 திடீரென்று ரத்தக்கசிவு, அடைப்பு என்று இரண்டு நாள் சேர்க்க வேண்டி வந்தால் உதவும். அதுவரை இருக்கட்டும்.

வீட்டில் பார்த்துக்கொள்ள எவ்வளவு ஆகும் என்று உங்கள் ஊர் நிலவரத்துக்கு உத்தேசமாகப் போட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஏர் பெட்டும் வாடகைக்கு 4,000. பகலில் ஒரு ஆள், நாளுக்கு 900 வீதம் 27,000. டயபர், விரிப்பு 5,000. மருந்து, டாக்டர் வீட்டுக்கு வருவது 7,000. இதர செலவு 2,000. ஆக மாதம் 45,000. கோவையில் ஒன்பது நாளைக்கு 3.4 லட்சம் கட்டியிருக்கிறீர்கள், அதாவது நாளுக்கு 38,000. ஐசியு-வின் ஒரு நாளும் கொஞ்சமும் சேர்ந்தால் வீட்டில் ஒரு மாதம். அந்த ஒன்பது நாளில் அம்மா அப்பாவைப் பார்த்தது காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

என் மாமனார் கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான்கு நாளாக மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. பில்லில் "டயட் கவுன்சிலிங் 1,200" என்று இருந்தது. யாருக்குக் கவுன்சிலிங் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "சிஸ்டம்ல தானா ஏறிடும் சார்" என்றார் பில் போட்ட பையன். நாங்களும் கட்டிவிட்டுத்தான் வந்தோம்.

இந்த 45,000-ஐயும் குறைக்க வழி உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டும்தான் வீட்டுக்கு வரும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 'நோய் ஆதரவு சிகிச்சை'யும் அதில் சேர்ந்தது. செவிலியர் வீட்டுக்கு வந்து புண் சுத்தம் செய்வார், குழாய் மாற்றுவார். காசு கிடையாது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். டாக்டரின் டிஸ்சார்ஜ் சீட்டு நகலை எடுத்துக்கொண்டு போங்கள்.

வலிதான் உங்கள் உண்மையான பயம் என்று தெரிகிறது. "இரவில் அவர் முனகுவதைக் கேட்க முடியாமல்தான் சென்னைக்கு யோசிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வலிக்கான மருந்து எட்டு லட்சத்தில் இல்லை. வாய்வழி மார்ஃபின் மாத்திரை ஒன்று சில ரூபாய்தான். போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. 2014 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் வாங்கி வைத்துத் தரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலி நிவாரணப் பிரிவைக் கேட்டுப் போங்கள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், முதலில் நீங்கள் சீட்டுகளோடு போய் விசாரியுங்கள். மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று சொந்தக்காரர் யாராவது சொல்வார். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அப்படி ஒன்றும் ஆகாது.

வீட்டில் சமாளிக்கவே முடியாமல் போனால் ஹாஸ்பிஸ் என்ற கடைசிக்காலப் பராமரிப்பு இல்லம் இருக்கிறது. சென்னை மாத்தூரில் ஜீவோதயா, பெங்களூரில் கருணாஷ்ரயா. இரண்டும் குணமாகாத நிலையில் இருக்கும் புற்றுநோயாளிகளுக்கென்றே நடப்பவை. கருணாஷ்ரயாவில் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் கரூரிலிருந்து அவ்வளவு தூரம் போனால் அம்மாவும் கூடவே போய்த் தங்க வேண்டும். உங்களுக்கு அதை இரண்டாவது வழியாகத்தான் சொல்வேன்.

வீட்டில் உயிர் பிரிந்தால் இறப்புச் சான்றிதழ் கிடைக்காது என்று பயந்து கடைசி நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவர்கள் நிறைய. அதற்கு அவசியமில்லை. தொடர்ந்து பார்க்கும் உள்ளூர் டாக்டர் ஒருவர் இருந்தால், காரணத்தைக் குறித்துச் சான்று தருவார். 21 நாளுக்குள் பதிவு செய்தால் போதும்.

அண்ணனுக்கு நீங்கள் அனுப்ப வேண்டிய செய்தி இது. அப்படியே அனுப்புங்கள்: "அண்ணா, அப்பாவை வீட்டிலயே பார்த்துக்கப் போறோம். மாசம் 45,000 ஆகும். உன் பங்கு 22,500, அஞ்சாம் தேதிக்குள்ள அம்மா அக்கவுண்டுல போட்டுடு. சென்னைதான் போகணும்னா நீ ஆஸ்பத்திரிக்கு அட்வான்ஸ் கட்டிட்டுச் சொல்லு, நான் வண்டி ஏற்பாடு பண்றேன்." இதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். சண்டையும் வேண்டாம். லீவு போட்டு இரண்டு வாரம் வந்து உட்காரச் சொல்லுங்கள். எட்டு லட்சத்தைவிட விமான டிக்கெட் மலிவு.

அவர் பணம் அனுப்பாவிட்டாலும் டெபாசிட் தாங்கும். மூன்று மாதத்துக்கு 1.35 லட்சம். ஆப் கடனை உடனே முடிக்க 60,000. அது அப்பாவுக்காக வாங்கியது, அவர் பணத்திலிருந்து அடைப்பதில் கூச்சம் வேண்டாம். மீதி ஒன்றரை லட்சத்துக்கு மேல் அம்மாவுக்கு நிற்கும், காரியத்தையும் அதற்குள் அடக்கமாகச் செய்யலாம். நகைக்கடனும் தனிநபர் கடனும் இப்போதைக்கு ஓடட்டும். இரண்டும் சேர்ந்து மாதம் 12,700. அறுபதாயிரம் வரும் குடும்பம் அதைச் சுமக்கும்.

இத்தனை பேர் முடிவெடுக்கிறீர்கள். அண்ணன், டாக்டர், ஏஜென்ட், ரெண்டு வட்டிக்காரர், இப்போது நானும். அப்பாவிடம் யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. தினமும் எவ்வளவு ஆச்சு என்று கேட்கிற மனிதருக்கு நிலவரம் தெரியாமல் இருக்காது. நாற்பது வருடம் கடன் நோட்டு எழுதியவரிடம் இன்சூரன்ஸ் என்று சொன்னால் நம்பியா இருப்பார்? வென்டிலேட்டர் வேண்டாம், ஐசியு வேண்டாம் என்று அவருக்கே தோன்றினால், இரண்டு சாட்சிகள் முன் எழுதி நோட்டரியிடம் சான்று வாங்கி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்து 2023-இல் நடைமுறையை எளிதாக்கிய உரிமை அது. அண்ணன் நடுராத்திரி போன் செய்தாலும் அந்தக் காகிதம் பேசும்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போன் செய்யுங்கள். எழுபது வயது தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. கையெழுத்து நடுங்கினால் வங்கி அதிகாரி முன்னிலையில் சாட்சியோடு கைரேகை வைக்கலாம். நாமினி அம்மா பெயர்தானா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு வலி குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து, அந்த இரண்டு பக்கக் கணக்கையும் அப்பா கையில் கொடுங்கள். கண்ணாடியையும் எடுத்துக் கொடுங்கள்.