தூரம் ஒன்றுதான், போக வர நேரம் ஏன் வேறு?

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் போய்வர டிக்கெட் பார்க்கிறேன். தூரம் சுமார் 5,550 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் 6 மணி நேரம் 10 நிமிடம் வருகிறது. ஆனால் போக 8 மணி நேரம், திரும்ப 7 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: டிக்கெட்டில் இருப்பதை நம்புங்கள். நீங்கள் போட்ட கணக்கு, விமானம் மேலே ஏறி முழு வேகத்தில் பறப்பதற்கு மட்டும்தான் சரி. டிக்கெட் நேரம் என்பது ஒரு நிலையத்தின் வாயிலை விட்டு விமானம் நகர்வது முதல் அடுத்த நிலையத்தின் வாயிலில் வந்து நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதற்குள் அடங்கும். தாமதம் என்ற பெயர் வராமலிருக்க நிறுவனங்கள் கொஞ்சம் நிமிடங்களைக் கூட்டியும் வைக்கின்றன.

போக வர ஒரு மணி நேரம் வித்தியாசப்படுவதற்குக் காரணம் காற்று. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலத்த காற்றோட்டம் ஓடுகிறது, குளிர்காலத்தில் இன்னும் வேகமாக. லண்டனுக்குத் திரும்பும்போது அது பின்னாலிருந்து தள்ளும். போகும்போது எதிர்த்து நிற்கும். 2020 பிப்ரவரியில் புயல் காற்றின் உதவியோடு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. இதை நம்பி யாரும் திட்டம் போட முடியாது என்பது வேறு விஷயம்.

அப்புறம், இணையத்தில் காட்டும் தூரம் உருண்டைப் பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய கோடு. விமானம் அதே கோட்டில்தான் போகும் என்று இல்லை. 2022இல் ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு 9 மணி சொச்சமாக இருந்த பயணம் சுமார் 13 மணி நேரமாகிவிட்டது. இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம் ஒரு கி.மீ. கூடவில்லை! அதனால் தூரத்தை வைத்து டிக்கெட்டை ஒப்பிடாதீர்கள், மொத்தப் பயண நேரத்தை வைத்து ஒப்பிடுங்கள்.

புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் நீங்களே கழித்துப் பார்க்க வேண்டாம். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். லண்டனில் காலை 11 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் பகல் 2 மணிக்குச் சேர்வதாக இருந்தால், அது 3 மணி நேரப் பயணம் அல்ல, 8 மணி நேரப் பயணம். வழக்கமாக நேர வித்தியாசம் 5 மணி. மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தை முன்பே மாற்றிவிடுவதால் சில வாரங்களுக்கு அது 4 மணியாகக் குறையும். மார்ச் பயணம் என்றால், கூப்பிட வருபவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: நடுவில் ஒரு ஊரில் விமானம் மாறும் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: இரண்டு விமானமும் ஒரே முன்பதிவில் இருந்தால் வாங்கலாம். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு பொதுவாக நிறுவனத்துடையது. தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்திருந்தால் அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்; பெட்டியையும் நடுவில் வாங்கி மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கலாம். பணம் கட்டும் முன் முன்பதிவு எண் ஒன்றா இரண்டா என்று கேட்டுவிடுங்கள்.