புது ரேடியேட்டர் ஒழுகுகிறது. கடைக்காரரா, மெக்கானிக்கா, யாரைப் பிடிப்பது?

கேள்வி: என்னிடம் 2004 மாடல் டீசல் அம்பாசிடர் இருக்கிறது. பழைய செம்பு ரேடியேட்டரில் நாலு இடத்தில் ஈயம் வைத்தாகிவிட்டது, இனித் தாங்காது என்று மெக்கானிக் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன் அவரே புது ரேடியேட்டர் வாங்கிவந்து மாட்டினார். கூலியும் சேர்த்து 8,500 ரூபாய் கொடுத்தேன். மூன்றாவது வாரத்திலேயே தண்ணீர் குறைய ஆரம்பித்தது. இப்போது காலையில் வண்டிக்கு அடியில் தரை நனைந்து கிடக்கிறது. கடைக்காரரோ ‘மாட்டினது சரியில்லை’ என்கிறார். மெக்கானிக்கோ ‘பொருள் மட்டம், நான் என்ன செய்ய?’ என்கிறார். ஒழுகலை அடைக்கும் மருந்து ஒரு டப்பா ஊற்றினால் நின்றுவிடும் என்றும் சொல்கிறார். ஊற்றலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா?
— மதுரை வாசகர்

பதில்: ஊற்றாதீர்கள். நடுராத்திரி நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டவர் ஒழுகலை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டி ஊர் வந்து சேர்வதில் தப்பில்லை. உங்கள் வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. மருந்து ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, மெல்லிய குழாய்களிலும் படியும். அதைவிட முக்கியம், ‘மருந்து ஊற்றிட்டீங்க, இனி கம்பெனி எடுக்காது’ என்று சொல்லக் கடைக்காரருக்கு நீங்களே ஒரு காரணம் கொடுத்ததாகிவிடும். ஈயம், எம்சீல் எதையும் யாரையும் வைக்கவிடாதீர்கள்.

அடுத்து, எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். பொறுப்பு யார் என்பதை அந்த இடமே பெரும்பாலும் சொல்லிவிடும். இப்போது கிடைக்கும் பல ரேடியேட்டர்களில் நடுவில் அலுமினிய கோர் (தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்கள் உள்ள பகுதி), இரு முனையிலும் பிளாஸ்டிக் டேங்க், இடையில் ஒரு ரப்பர் கேஸ்கெட், சுற்றிலும் மடித்து அழுத்திய அலுமினிய விளிம்பு இருக்கும். உங்களுடையதும் அப்படி இருந்தால் அந்த மடிப்பின் ஓரமாக விரலை ஓட்டிப் பாருங்கள். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) காய்ந்த பச்சைப் பொருக்கோ, உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் பொருக்கோ அங்கே ஒட்டியிருந்தால் பொருளில்தான் கோளாறு என்று சந்தேகிக்கலாம். ஹோஸ் என்கிற ரப்பர் குழாய் மாட்டும் வாயில் கசிந்தால் பழைய ஹோஸும் தேய்ந்த கிளிப்பும் காரணமாக இருக்கலாம். அந்த வாயே விரிசல் விட்டிருந்தால் கிளிப்பை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கலாம். கோரின் மேல் பிறை மாதிரி ஒரு கீறல் தெரிகிறதா? என்ஜினைத் தாங்கும் மவுன்டிங் தளர்ந்து ஃபேன் இடித்திருக்கலாம். அதற்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

இருவர் மேலும் தப்பில்லாத வழி ஒன்றும் உண்டு. என்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து அழுத்தத்தை ஏற்றும். எத்தனை புது ரேடியேட்டர் போட்டாலும் ஏதாவது ஒரு மூட்டு விட்டுக்கொடுக்கும். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் சில குமிழி வருவது சகஜம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அல்லது தண்ணீரை வெளியே தள்ளினால், முதலில் என்ஜினைக் காட்டுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்கவே கூடாது. அந்த மூடியும் பழையதுதானா? அழுத்தம் கூடும்போது திறந்துகொள்ள வேண்டிய ஸ்பிரிங் அதில் இருக்கிறது. அது இறுகிப்போயிருந்தாலும் இதே கதிதான்.

இதெல்லாம் பார்த்த பிறகு, இந்த விவகாரத்தில் சம்பந்தமில்லாத ஒரு ரேடியேட்டர் பட்டறைக்குப் போங்கள். மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. எல்லா வாயையும் அடைத்து, காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது போலத்தான், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். அதைப் போனில் வீடியோ எடுங்கள். ‘இன்ன இடத்தில் கசிகிறது, பழுது பார்த்த தடயம் இல்லை’ என்று பட்டறை பில்லிலேயே தேதியோடு எழுதி வாங்குங்கள். இந்த ஒரு காகிதம் இல்லாமல் நீங்கள் எங்கே போனாலும் ‘அவர் சொல்கிறார், இவர் சொல்கிறார்’ என்பதற்கு மேல் பேச்சு நகராது.

இப்போது சட்டம். பொருளை வாங்கிவந்து, மாட்டி, மொத்தமாகப் பணம் வாங்கியவர் மெக்கானிக். பில் கடையின் பெயரில் உங்களுக்கு வராதவரை, பொருளை விற்றதும் வேலை செய்ததும் அவரே என்று நீங்கள் கேட்கலாம். கடைக்காரரிடம் கணக்குத் தீர்த்துக்கொள்வது அவர் பாடு. பில் தரவில்லையென்றால் இப்போதாவது கேளுங்கள். பில் தராமலிருப்பதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டால் பழுதான பொருளுக்கும் அது செல்லும் என்று பலர் நம்புகிறார்கள். செல்லாது.

உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஆனால் மூன்றாவது வாரத்திலேயே ஒழுக ஆரம்பித்துவிட்டது அல்லவா? அப்போதே மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அந்தச் செய்தியை, யுபிஐயில் பணம் போட்டிருந்தால் அந்தப் பதிவை, அழிக்காமல் வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கவும் இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

மாற்றுப் பொருள் மட்டும் கேட்காதீர்கள். மறுபடி கழற்றி மாட்டும் கூலி, வடிந்துபோன கூலன்ட் இரண்டையும் சேர்த்து, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் எழுதுங்கள். மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. ஆனாலும் 8,500 ரூபாய்க்கு நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அம்பாசிடர் தெரிந்த மெக்கானிக் இன்றைக்குக் கிடைப்பது அரிது. அவரோடு சண்டை போடுவதைவிட, பட்டறைச் சீட்டோடு அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவேன்.

அப்புறம், கழற்றின பழைய ரேடியேட்டர் எங்கே? செம்பு, பித்தளைக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை உண்டு. அது மெக்கானிக்கிடம் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். டேங்க் நன்றாக இருந்தால் அதிலேயே புது செம்பு கோர் போட்டுத் தரும் பட்டறைகள் உண்டு. என் வண்டியாக இருந்தால் அதைத்தான் செய்வேன். நாளைக்கு ஒழுகினாலும் ஈயம் வைத்துச் சரிசெய்துவிடலாம். பிளாஸ்டிக் டேங்கின் மடிப்பில் ஈயம் பிடிக்காது.

கேள்வி: இதே பிரச்சினைதான். ஆனால் என் வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறேன். ‘வியாபார வண்டி, நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது’ என்கிறார் கடைக்காரர்.
— திருச்சி வாசகர்

பதில்: சொந்த வண்டியை நீங்களே ஓட்டி அதில் பிழைப்பு நடத்துகிறீர்கள் என்றால் பொருந்தும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகச் சட்டம் பார்ப்பதில்லை. புகாரில் இதை முதல் பத்தியிலேயே எழுதி, ஓட்டுநர் உரிமம், பர்மிட் நகல்களை இணையுங்கள். பத்து வண்டி வாங்கி டிரைவர் வைத்து ஓட்டுபவர் என்றால் கடைக்காரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.