ஐம்பூதமும் சீனத்து ஐந்தும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சில மாதங்களாக அக்குபங்சர் வகுப்புக்குப் போகிறேன். கல்லீரலுக்கு ஆகாயம், நுரையீரலுக்குக் காற்று என்று பஞ்சபூதக் கணக்கில் சொல்லித் தருகிறார்கள். நூலகத்தில் எடுத்த புத்தகத்திலோ அதே இடங்களில் மரம், உலோகம் என்று இருக்கிறது. கேட்டால், “எல்லாம் ஒன்றுதான், போகர் இங்கிருந்து கொண்டுபோனது” என்கிறார்கள். ஒன்றுதானா? யின், யாங் என்பதை மருந்து கொடுக்கும்போது மருத்துவர் எப்படிக் கணக்கில் எடுக்கிறார்? தத்துவம் இத்தனை கட்டுக்கோப்பாக இருக்கையில் அதன்படி தரும் மூலிகையால் கெடுதல் வருமா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

ஒன்றல்ல. ஐம்பூதம், பொருள் எதனால் ஆனது என்ற கேள்விக்கு விடை. எலும்பும் தசையும் மண்ணின் கூறு, ரத்தமும் உமிழ்நீரும் நீரின் கூறு என்று நம் மரபு உடம்பைப் பிரிக்கும். சீனர்களின் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகியவை ஒரு மாற்றம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைச் சொல்கின்றன. முளைத்து மேலெழுவது மரம். உச்சத்துக்குப் போவது நெருப்பு. முதிர்ந்து நிலைகொள்வது மண். உள்வாங்கி இறுகுவது உலோகம். அடங்கிச் சேமிப்பது நீர். வசந்தம் முதல் குளிர்காலம் வரை பருவங்களும் இதே வரிசையில் வரும். கல்லீரல் மரம் என்றால் வசந்தம் போல மேலும் வெளியிலும் பரவுவது அதன் போக்கு என்று பொருள். அந்தப் போக்கு தடைபட்டால் கோபம், விலாவில் இறுக்கம், தலைவலி.

இந்த ஐந்துக்குள் இரண்டு ஓட்டங்கள் உண்டு. மரம் நெருப்பையும், நெருப்பு மண்ணையும், மண் உலோகத்தையும், உலோகம் நீரையும், நீர் மறுபடி மரத்தையும் வளர்க்கும். மரம் மண்ணையும், மண் நீரையும், நீர் நெருப்பையும், நெருப்பு உலோகத்தையும், உலோகம் மரத்தையும் அடக்கும். மருத்துவருக்குத் தேவை இந்த உறவுதான். வளர்ப்பது தாய், வளர்க்கப்படுவது சேய். குறைந்திருந்தால் தாயை வலுப்படுத்து, மிகுந்திருந்தால் சேயை வடியவிடு என்பது ‘நான்ஜிங்’ என்ற பழைய சீன மருத்துவ நூலின் 69ஆம் கேள்வியில் வரும் விதி. நாள்பட்ட சளி இருமலில் நுரையீரல் (உலோகம்) தளர்ந்திருந்தால், அதன் தாயான மண்ணீரலுக்கு (மண்), அதாவது அவர்கள் கணக்கில் செரிமானத்துக்கு, மருந்து போகும். கோபமோ பதற்றமோ வந்தால் வயிறு முறுக்கி வலிக்கிறது, பேதியானதும் கொஞ்சம் தணிகிறது என்று ஒருவர் வந்தால், மரம் மண்ணை மிதிக்கிறது என்பார்கள். அதற்கான பழைய கஷாயத்தில் நான்கே சரக்குகள்: மண்ணீரலைத் தாங்க பாய்ஜு கிழங்கு, கல்லீரலைத் தணிக்க வெள்ளைப் பியோனி வேர், தேக்கத்தைக் கலைக்க ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் ஃபாங்ஃபெங் வேர்.

மரத்தை ஆகாயம் என்று பெயர் மாற்றியதால் நீங்கள் ஊசி போடும் புள்ளி மாறிவிடாது. புரிதல்தான் கெடும். உலோகம் மரத்தை வெட்டும் என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். காற்று ஆகாயத்தை அடக்கும் என்றால் மாணவர் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். போதாக்குறைக்கு, ஆகாயத்திலிருந்து காற்று, காற்றிலிருந்து தீ, தீயிலிருந்து நீர், நீரிலிருந்து மண் என்பது நம் மரபின் வரிசை. நுண்மையிலிருந்து பருமைக்கு இறங்கும் நேர்கோடு அது, வட்டமாகத் திரும்பாது. ஆகாயம், தீ, மண், காற்று, நீர் என்று அதைச் சீன வட்டத்தில் உட்காரவைத்தால் இரண்டு மரபுமே பழுதாகிறது.

இந்தக் கட்டுக்கோப்பு முதலில் வந்து, சிகிச்சை அதன்மேல் எழுந்தது என்று நினைக்காதீர்கள். ஹான் பேரரசுக் காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) வேறொரு பட்டியலும் புழக்கத்தில் இருந்தது. அதில் மண்ணீரல் மரம், நுரையீரல் நெருப்பு, இதயம் மண், கல்லீரல் உலோகம். பலியிடும் சடங்குகளை ஒட்டிய பட்டியல் அது. இரண்டாம் நூற்றாண்டு உரையாசிரியர் ஜெங் ஷுவான் இதைப் பற்றிச் சொன்னது வேடிக்கையானது: மருத்துவர்கள் கல்லீரலை மரமாக வைத்து வைத்தியம் பார்க்கிறார்கள், குணமாகிறது, மாற்றி வைத்துப் பார்த்தால் நோயாளி சாகாவிட்டாலும் மோசமாவார். அவர் மருத்துவரல்ல, செவ்வியல் நூல்களுக்கு உரை எழுதிய பண்டிதர். ஆனாலும் தீர்ப்பை நோயாளியின் படுக்கையிடம் விட்டுவிட்டார்.

ஊசிப் புள்ளிகளை இணைக்கும் வழிகளான நாளங்களும் அப்படியே. சாங்ஷா நகரின் மாவாங்துய் மேட்டில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையை 1973இல் திறந்தபோது கிடைத்த பட்டுச் சுவடிகளில் 11 நாளங்கள்தான் உள்ளன. ஊசிப் புள்ளிகள் இல்லை, சூடு போடுவதே சிகிச்சை. பிறகு சீன மருத்துவத்தின் மூலநூலான ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ தொகுப்பில்தான் நாளங்கள் 12 ஆகி, ஒன்றோடொன்று இணைந்து வட்டமாகச் சுற்றத் தொடங்குகின்றன.

யின் (குளிர்ந்து உள்ளடங்கும் பக்கம்), யாங் (சூடாகி வெளியே எழும் பக்கம்) பற்றி வருகிறேன். இது குளிர், அது சூடு என்று சரக்குகளைப் பட்டியல் போடுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதன் கூர்மை அளவுகளில் இருக்கிறது. மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் சுமார் கி.பி. 200இல் எழுதிய ‘ஷாங்ஹான் லுன்’ நூலின் முதல் கஷாயமான குய்ஜி தாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இலவங்க மரத்தின் இளங்கிளை 3 லியாங், பியோனி வேர் 3, பச்சை இஞ்சி 3, வறுத்த அதிமதுரம் 2, இலந்தை வகைப் பழம் 12. 7 ஷெங் தண்ணீரை மெல்லிய தீயில் 3 ஷெங்காக வற்றவைத்து, ஒரு ஷெங் இளஞ்சூட்டில் குடிக்க வேண்டும். (ஹான் காலத்து லியாங் சுமார் 15 கிராம், ஷெங் சுமார் 200 மில்லி. இன்றைய பாடநூல்கள் 3 லியாங்கை 9 கிராமாகக் குறைத்துவிட்டன, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.) குடித்த சற்று நேரத்தில் சூடான நீர்த்த அரிசிக் கஞ்சி ஒரு ஷெங்குக்கு மேல் குடித்து, போர்த்திக்கொண்டு இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும். உடம்பெல்லாம் மெல்ல வியர்க்கலாம், தண்ணீராய்க் கொட்டக் கூடாது, கொட்டினால் நோய் போகாது. ஒரு வேளையில் குணமானால் மீதியை நிறுத்திவிட வேண்டும்.

இதில் இளங்கிளை வெளியே தள்ளுகிறது, பியோனி உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் சரிசமம், மூன்றுக்கு மூன்று. காய்ச்சல், தானாகவே வியர்வை, காற்று பட்டால் கூச்சம், மேலோட்டமான தளர்ந்த நாடி: இவருக்குத்தான் இது. அதே ஐந்து சரக்கில் பியோனியை மட்டும் 6 லியாங் ஆக்கினால் வயிற்று வலிக்கான மருந்து. பியோனியைப் பழையபடி விட்டு இளங்கிளையை 5 ஆக்கினால், அடிவயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏதோ பாய்ந்து ஏறுவது போன்ற உபாதைக்கான மருந்து. சரக்கு மாறவில்லை, விகிதம் மாறியது. மருந்து போகும் திசையும் மாறிவிட்டது. என்னைக் கேட்டால், யின் யாங் பற்றி நூறு பக்கம் படிப்பதைவிட இந்த மூன்று கஷாயங்களை அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பது மேல்.

தவறினால் என்ன ஆகும் என்பதும் அங்கேயே இருக்கிறது. வியர்வையே இல்லை, நாடி முறுக்கேறி இருக்கிறது என்றால் குய்ஜி தாங் கூடாது, மாஹுவாங் (எஃபெட்ரா) செடி சேர்ந்த கஷாயம் வேண்டும். வியர்க்க வைத்து அது நிற்காமல் கசிந்து, சிறுநீர் சுருங்கி, கைகால் மடக்க முடியாமல் இழுத்தால், குய்ஜி தாங்கோடு பதப்படுத்திய நாபி (அகோனைட்) கிழங்கு சேர்த்து மீட்க வேண்டும். இந்த நூல் ஐந்து கட்டங்களைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை என்பதையும் கவனியுங்கள். இன்று கல்லூரிகளில் சொல்லித் தரும் ஒருங்கிணைந்த பாடத்திட்டம் 1950களில் அரசு முயற்சியில் உருவானது. 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் கல்லூரிகள் தொடங்கின.

போகர் பற்றி: சித்தர் மரபில் அவருக்குச் சீனத் தொடர்பு சொல்லப்படுவது உண்மை. ஆனால் அவர் பேரில் உள்ள பாடல்களின் தமிழ், மாவாங்துய் கல்லறைக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. அதை வைத்து ‘இங்கிருந்து போனது’ என்று சொல்ல முடியாது. மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பது இரண்டிலும் உண்டு. நம்மவர் மூன்று விரலில் வாத பித்த கபம் தேடுகிறார். அவர்கள் இரு மணிக்கட்டிலும் மூன்று மூன்று இடங்களில், இதயம் கல்லீரல் சிறுநீரகம் ஒரு கையிலும் நுரையீரல், மண்ணீரல், மிங்மென் (சிறுநீரகத்தின் யாங் கூறு) மறுகையிலுமாக உறுப்புகளைத் தேடுகிறார்கள்.

கடைசிக் கேள்வி. கெடுதல் வரும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரைகளில், ஃபாங்ஜி என்ற பொதுப்பெயரால் ஸ்டெஃபானியா என்ற செடிக்குப் பதில் அரிஸ்டலோகியா இனச் செடி ஒன்று கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது, பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அது சீன வைத்தியர்கள் எழுதிக்கொடுத்த மருந்தல்ல என்பது சரி. ஆனால் அதே நஞ்சுள்ள குவான் முதோங் என்ற அரிஸ்டலோகியா கொடி சீனாவிலேயே சிறுநீர் இறங்கக் கொடுக்கப்பட்டு, 2003இல்தான் விலக்கப்பட்டது. சுவை கசப்பு, தன்மை குளிர்ச்சி, நீரை இறக்கும் என்ற விவரம் தத்துவத்தில் இருக்கும். மாதக்கணக்கில் வலியில்லாமல் சிறுநீரகத்தை அரிக்கும் என்பது அதில் தெரியவராது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே அரிஸ்டலோகியா இனம்தான். வகுப்பில் யாராவது அவற்றை உள்ளுக்குச் சாப்பிடச் சொன்னால் சாப்பிடாதீர்கள்.