முறுக்கு போய்ச் சேர்ந்தது, காசு?

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே முறுக்கும் மசாலாத்தூளும் செய்து கடைகளுக்குப் போடுகிறேன். ஒரு வருடமாக வியாபாரம் மந்தம். எண்ணெய், மாவு எல்லாம் விலை ஏறிவிட்டது. 2025 ஆகஸ்டிலிருந்து உதவிக்கு இருக்கும் இரண்டு அக்காக்களுக்கும் ஆளுக்கு மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம். ஒரு பாக்கெட் முறுக்கு அடக்கம் 3.80, கடைக்கு 5 வெள்ளி. மனம் சோர்ந்து, கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் நடந்த தன்முனைப்பு (மோட்டிவேஷன்) முகாமுக்கு 1,200 வெள்ளி கட்டிப் போனேன். வரும்போது இருந்த வேகம் பத்து நாளில் போய்விட்டது. அடுத்த கட்டத்துக்கு 3,500 கேட்கிறார்கள். போகலாமா? டிக்டாக்கில் நேரலையாக விற்கலாமா? சிறு வணிகர்களுக்கான அரசாங்கத்தின் தெக்குன் கடன் வாங்கலாமா, கூட்டுச் சீட்டு எடுக்கலாமா? அப்பாவின் மளிகைக் கடை கடன் கொடுத்தே மூழ்கியது. அதனால் நான் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. கடைகளிலிருந்தும் ஒரு கேட்டரிங்காரரிடமிருந்தும் 6,400 வெள்ளி வர வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் காலத்தில் மனத் தைரியத்தை எப்படிக் காப்பாற்றுவது?

ச.

அன்புள்ள ச.,

கடைசியில் 'அவ்வளவுதான்' என்று முடித்திருக்கிறீர்களே, அந்த வரியில் நின்றுவிட்டேன். சில நாளாக என் அப்பாவின் பழைய 555 புத்தகங்களை, அதாவது கடைப் பாக்கி எழுதும் சின்ன நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், அதனாலும் இருக்கலாம்.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். டிக்டாக் செய்யுங்கள், யார் வேண்டாம் என்றது? தெக்குனில் இந்திய வணிகர்களுக்கென்றே ஸ்புமி திட்டம் இருக்கிறது. ஆனால் அது மானியமில்லை, திருப்பிக் கட்ட வேண்டிய கடன். கூட்டு வேண்டவே வேண்டாம். 1971-லேயே சட்டம் போட்டுத் தடுத்த சமாச்சாரம் அது. தலைவி ஓடிப்போனால் போலீசில் போய் என்ன சொல்வீர்கள்? 3,500 வெள்ளி முகாமா? அந்தக் காசுக்கு மாவு வாங்குங்கள். அப்புறம் அந்த 1,700 வெள்ளி. அது குறைந்தபட்சச் சம்பளம் அம்மா. மழை பெய்தால் அன்றைய கூலி போச்சு என்று வாழ்ந்த பால்மர (ரப்பர்) தோட்டத்து ஊரில் இருந்துகொண்டு அதை ஒரு குறையாக எழுத உங்களுக்குக் கை வந்திருக்கக் கூடாது.

சரி, கடனுக்கு வருகிறேன். யாருக்கும் கடன் கொடுப்பதில்லை என்கிறீர்கள். அப்படியானால் 6,400 என்ன? கடைக்காரர் 'விற்றதும் தருகிறேன்' என்கிறார், நீங்கள் தலையாட்டிவிட்டு வருகிறீர்கள். கடன்தான் அது. உங்கள் அப்பாவாவது ஏதோ புத்தகத்தில் எழுதியிருப்பார், நீங்கள் எழுதுகிறீர்களா என்றே எனக்குச் சந்தேகம்.

உங்கள் கணக்கையே பாருங்கள். ஒரு பாக்கெட்டில் லாபம் 1.20. ஒரு பாக்கெட்டுக்குக் காசு வராமல் போனால் அதன் அடக்கத்தை மீட்கவே இன்னும் மூன்று விற்று, நாலாவதையும் விற்க வேண்டும். 6,400 வெள்ளி என்றால் 1,280 பாக்கெட். அது மொத்தமும் போனால், ஈடுகட்ட நாலாயிரத்துக்கு மேல் முறுக்குப் பாக்கெட் விற்க வேண்டும். அதற்கு எந்தப் பேச்சாளர் வந்து கைதட்டச் சொன்னாலும் உங்கள் இரண்டு அக்காக்களின் கை தாங்காது.

எங்கள் அப்பாவுக்கும் கடைதான். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, தோட்டத்துக்குப் பிரியும் சாலை முனையில். முக்கால்வாசி வியாபாரம் 555 புத்தகத்தில்தான். விடிகாலையில் மழை பிடித்தால் பால் வெட்டு இல்லை. மரம் இலை கொட்டும் மாதங்களில் பால் குறைந்துவிடும். அப்பா வானத்தைப் பார்ப்பார், வருகிறவர்களிடம் 'பால் எப்படி?' என்று கேட்பார். பதிலைக் கேட்டுவிட்டு மைலோ டின்னைக் குறைத்து நெத்திலியும் பருப்பும் கூடுதலாக எடுத்து வைப்பார். அப்போது யாரிடமும் பாக்கியைப் பற்றி வாயே திறக்க மாட்டார். சம்பளம் போட்ட சாயந்திரம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் சைக்கிளில் போய்விடுவார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. புத்தகத்தைத் திறந்து காட்டுவார். பாதி வந்தால் பாதி, மீதிக்கு ஒரு தேதி.

தோட்டத்தை விட்டு ஒருவர் பினாங்குப் பக்கம் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போனார், நாற்பது வெள்ளி பாக்கியோடு. அப்பா பஸ் பிடித்துப் போனார். இருபத்தைந்து வாங்கி வந்தார். பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு போயிருக்கும் என்று அம்மா பிடிபிடியென்று பிடித்தார். அப்பா சொன்னது: 'கேட்காம விட்டா அவன் நம்ம கடைப் பக்கமே வரமாட்டான். பொண்டாட்டி பிள்ளை இன்னும் லயத்துலதான் இருக்கு, சாமானுக்கு எங்க போவாங்க?'

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். கேட்காத கடனில் காசு மட்டும் போவதில்லை, ஆளும் போய்விடுகிறார். உங்களுக்குத் தர வேண்டிய கடைக்காரர், உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசி வேறு ஒருவரிடம் முறுக்கு வாங்கத் தொடங்கியிருப்பார். வியாபாரம் மந்தம் என்கிறீர்களே, அதில் எத்தனை கடை இப்படி நின்றது என்று எண்ணிப் பார்த்தீர்களா? உங்கள் அப்பா கடன் கொடுத்து மூழ்கினார் என்பதை நான் நம்பவில்லை. எங்கள் அப்பாவும்தான் கொடுத்தார். உங்கள் அப்பாவுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். அந்தக் கூச்சம் அப்படியே உங்களுக்கு வந்திருக்கிறது. அவரை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர்களுக்குத்தான் அது வரும். ஆனால் அதற்குத் தன்முனைப்பு முகாமில் மருந்து இல்லை. அங்கே விற்கத்தான் சொல்லித் தருகிறார்கள், வாங்கி வர யாரும் சொல்லித் தருவதில்லை.

நாளைக்கே ஒரு பில் புத்தகம் வாங்குங்கள். இனி எந்தக் கடையிலும் போன தடவைக் காசை வாங்கிக்கொண்டுதான் புதுச் சரக்கை இறக்க வேண்டும். பில்லில் தேதி, எண்ணிக்கை, வாங்கியவர் கையெழுத்து, மூன்றும் வேண்டும். விற்காத பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கௌரவம் பார்க்காதீர்கள். கேட்டரிங்காரரை வாட்ஸ்அப்பில் துரத்தாமல் நேரில் போய்ப் பாருங்கள். கல்யாண வேலை முடிந்து அவர் கையில் காசு புரளும் நாளாகப் பார்த்துப் போங்கள். தவணை கேட்டால் எழுதி வாங்குங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு தொகை வழக்கு என்று ஒன்று உண்டு, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே போடலாம். கையெழுத்துப் போட்ட பில் இல்லாமல் அங்கே போய் நிற்காதீர்கள்.