போலந்தின் நீதிபதிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலந்து நீதிபதிகளின் போராட்டம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். சட்டம் மற்றும் நீதிக் கட்சி 2015 முதல் எட்டாண்டுகள் நீதிமன்றங்களைக் கைப்பற்றிய விதத்தை விரிவாகச் சொன்ன நீங்கள், இறுதிப் பத்தியில் 2023இல் பிரதமரான டொனால்ட் டுஸ்க்கின் புதிய அரசு பொதுத் தொலைக்காட்சியை மீட்ட முறையையும் குறை கூறியிருந்தீர்கள். எனக்கு இது விளங்கவில்லை. வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டவனை வெளியேற்றும்போது, அவனிடம் முறைப்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டுமா? விதிகளை மிதித்தவர்களிடம் விதிப்படி நடப்பது, அவர்கள் செய்ததை நிலைபெறச் செய்வதாகாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கேள்வி நியாயமானது. அந்த இறுதிப் பத்தியைப் போதிய விளக்கமின்றி எழுதிவிட்டேன் என்பதை உங்கள் கடிதம் எனக்கு உணர்த்தியது.

உங்கள் உவமையில் வீடு யாருடையது என்பதில் ஐயமில்லை. போலந்தில் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 2015 அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, அன்றைய நாடாளுமன்றம், சட்டங்கள் அரசியலமைப்புக்கு உட்பட்டவையா என்று தீர்மானிக்கும் அரசியலமைப்புத் தீர்ப்பாயத்துக்கு ஐந்து நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தது. அவற்றுள் மூன்று இடங்கள் அந்த நாடாளுமன்றத்தின் காலத்திலேயே காலியாகின்றவை. மற்ற இரண்டும் டிசம்பரில், அடுத்த நாடாளுமன்றம் அமர்ந்த பிறகே காலியாகவிருந்தவை. தமக்கு உரிமையில்லாத அந்த இரண்டு இடங்களையும் சேர்த்து நிரப்பிக்கொண்டவர்கள் யார்? இன்று சட்டத்தின் ஆட்சியை மீட்பதாகச் சொல்லும் டுஸ்க்கின் கட்சியினர்தாம். அடுத்து வந்த சட்டம் மற்றும் நீதிக் கட்சியினர் செய்தது இதைவிடப் பல மடங்கு கொடியது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அதிபர் ஆந்த்ஷே டூடா, முறையாகத் தேர்வான மூவருக்கும் பதவிப் பிரமாணம் செய்துவைக்க மறுத்தார். புதிய நாடாளுமன்றம் தன் சார்பில் ஐவரைத் தேர்ந்தெடுக்க, அவர்களில் நால்வருக்கு நள்ளிரவு கடந்த நேரத்தில் பிரமாணம் செய்துவைத்தார். அன்று பகலிலேயே, முந்தைய தேர்வில் மூன்று செல்லும், இரண்டு செல்லாது என்று தீர்ப்பாயம் கூறியது. 2016 மார்ச்சில் அது வழங்கிய மற்றொரு தீர்ப்பை அரசு அரசிதழில் வெளியிடவே மறுத்துவிட்டது. ஒரு தீர்ப்பை எதிர்த்து வாதாட வேண்டியதில்லை, அச்சிடாமல் விட்டாலே போதும் என்று ஓர் அரசு கண்டுகொண்ட நாள் அது. இருந்தும், எட்டாண்டுகளாக அக்கட்சியினர் தங்கள் ஒவ்வொரு செயலுக்கும் சுட்டிக்காட்டிய சாக்கு அந்த இரண்டு இடங்கள்தாம்.

அதன் பிறகு நடந்தவை நீங்கள் அறிந்தவையே. 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயது எழுபதிலிருந்து அறுபத்தைந்தாகக் குறைக்கப்பட்டபோது, தலைமை நீதிபதி மல்கோஷாட்டா கெர்ஸ்டோர்ஃப், தம் ஆறாண்டுப் பதவிக்காலம் அரசியலமைப்பில் எழுதப்பட்டது என்று கூறி, ஜூலை 4 அன்று வழக்கம்போலப் பணிக்கு வந்தார். லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அந்த ஆண்டு அக்டோபரிலேயே இடைக்கால ஆணை பிறப்பித்ததால் நீதிபதிகள் தம் இடங்களுக்குத் திரும்பினர். ஹங்கேரியில் இதே உத்தி, அதாவது எழுபதிலிருந்து அறுபத்திரண்டாகக் குறைத்தல், கையாளப்பட்டபோது அந்நீதிமன்றத்தின் தீர்ப்பு 2012 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் பெரும்பாலான இடங்களில் வேறு நீதிபதிகள் அமர்ந்துவிட்டனர். இரு நாடுகளுக்கும் இடையிலான வேறுபாட்டில் பெரும்பங்கு அந்நீதிமன்றம் தலையிட்ட வேகத்துக்கு உரியது என்றே நான் கருதுகிறேன். போலந்திலும் எல்லாரும் காக்கப்பட்டுவிடவில்லை. ஒரு தீர்ப்பின் காரணங்களைச் செய்தியாளர்கள் கேட்க அனுமதித்ததற்காக நீதிபதி இகோர் துலேயா 2020 நவம்பர் முதல் ஈராண்டுகள் இருக்கையை விட்டு விலக்கிவைக்கப்பட்டிருந்தார்.

இனி தொலைக்காட்சிக்கு வருகிறேன். அது முந்தைய ஆளுங்கட்சியின் ஊதுகுழலாக இருந்ததை நான் மறுக்கவில்லை. 2023 டிசம்பர் 20 அன்று அதன் செய்தி அலைவரிசை நிறுத்தப்பட்டதாக அறிந்தபோது நானும் மகிழ்ந்தேன். அது நடந்த வழியைப் படித்தபோதுதான் அந்த மகிழ்ச்சி குலைந்தது. சட்டத்தைத் திருத்தினால் அந்தக் கட்சியின் ஆதரவில் வந்த அதிபர் டூடா ஒப்புதல் தரமாட்டார் என்பதால், பண்பாட்டு அமைச்சர், பங்குகள் முழுவதும் அரசுக்குச் சொந்தம் என்ற அடிப்படையில், வணிக நிறுவனச் சட்டத்தைக் கொண்டு நிர்வாகக் குழுவை மாற்றினார். எட்டாண்டுகள் முந்தைய அரசை எதிர்த்து நின்ற வார்சாவின் ஹெல்சிங்கி மனித உரிமை அறக்கட்டளையே இந்த வழிமுறை கடுமையான ஐயங்களை எழுப்புகிறது என்றது. வேறு வழி இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். 2025 தேர்தலிலும் எதிர்த்தரப்பின் ஆதரவு பெற்ற கரோல் நவ்ரோட்ஸ்கியே அதிபரானார் என்பதால், காத்திருந்தாலும் வழி திறந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் அமைச்சர் திறந்த அந்தக் கதவு இப்போதும் திறந்தே இருக்கிறது. அடுத்து வரும் அமைச்சர் ஒரு சட்டத்தையும் மாற்றாமல் அதே வழியாக உள்ளே வரலாம். அப்போது அதை எதிர்த்து வழக்காடுகிறவர்களுக்கு இந்த அரசின் செயலே முதல் தடையாக நிற்கும்.

விதிப்படி நடப்பது அவர்கள் செய்ததை நிலைபெறச் செய்யும் என்ற உங்கள் அச்சம் வீணானதன்று. உச்ச நீதிமன்றத்தில் முந்தைய ஆட்சி உருவாக்கிய ஓர் அமர்வு, ஐரோப்பியச் சட்டத்தின்படி சுதந்திரமான நீதிமன்றம் ஆகாது என்று லக்சம்பர்க் நீதிமன்றம் 2023 டிசம்பரில் கூறியது. டுஸ்க்குக்குப் பெரும்பான்மை தந்த தேர்தல் செல்லும் என்று அடுத்த மாதமே அறிவித்தது அதே அமர்வு. நவ்ரோட்ஸ்கியின் வெற்றியை 2025 ஜூலையில் உறுதிசெய்ததும் அதுவே. அது நீதிமன்றமே அன்று என்றால் இரண்டு தேர்தல்களும் அந்தரத்தில் நிற்கும். ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுப்பவரிடம் என்னால் உடன்பட இயலாது.

நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் தேசிய மன்றத்தின் பதினைந்து நீதிபதி உறுப்பினர்களை நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கும் என்று 2017 டிசம்பர்ச் சட்டம் மாற்றியது. அதன் பிறகு அம்மன்றம் பரிந்துரைத்து நியமனம் பெற்றவர்கள் 2000க்கும் மேற்பட்டோர். இவர்கள் அனைவரையும் ஒரே சட்டத்தால் நீக்கிவிடலாம் என்ற குரல் அங்கு வலுவாக ஒலித்தது. அரசியலமைப்பு விவகாரங்களில் ஐரோப்பிய மன்றத்துக்கு ஆலோசனை கூறும் வெனிஸ் ஆணையம் 2024 அக்டோபரில் அதை ஏற்கவில்லை; நியமனங்களை ஆராய்ந்து பிரித்தறிய வேண்டும் என்றது. அவர்களில் உயர் பதவிக்காக ஆட்சிக்கு ஊழியம் செய்தவர்களும் உண்டு, பயிற்சிப் பள்ளியிலிருந்து நேரே வந்து வேறு வாசல் இல்லாததால் அந்த மன்றத்தின் முன் நின்ற இளம் நீதிபதிகளும் உண்டு. அவர்கள் முன் மணவிலக்குப் பெற்றவர்களும், குழந்தையின் பொறுப்பைப் பெற்ற தாய்மாரும், வாங்கிய வீட்டுக்குத் தீர்ப்புப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். தாம் எந்த நீதிபதி முன் நிற்க வேண்டும் என்பதை அவர்களில் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வெளியேற்றுவதற்கு முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்பது இவர்கள் பொருட்டுத்தான்.

அன்புடன்