பழைய டி.எஸ்.எல்.ஆரா, தண்ணீர் புகாத குட்டி கேமராவா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவா, தண்ணீர் புகாத குட்டி கேமராவா? ஊரும் காரணமும் மட்டுமே வேறு. அதனால் அவற்றை ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன்.

உறவினர் ஒருவர் தன்னுடைய நிக்கான் டி90 கேமராவை 18-105 லென்ஸோடு தருவதாகச் சொல்கிறார். ஏறக்குறைய அதே பணத்துக்கு, ஒருவர் பயன்படுத்திய, தண்ணீர் புகாத ஒலிம்பஸ் டஃப் டி.ஜி-6 கிடைக்கிறது. 2008-இல் வந்த கேமராவை இன்று காசு கொடுத்து வாங்கினால் ஊர் சிரிக்காதா?
– வங்கி ஊழியர், விழுப்புரம்

ஊர் சிரிக்கட்டும். டி90 வந்தது 2008, டி.ஜி-6 வந்தது 2019. இரண்டுக்கும் பதினோரு ஆண்டு இடைவெளி இருந்தும் மெகாபிக்சல் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஏறத்தாழ 12. வித்தியாசம் வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாரின் பரப்பில் இருக்கிறது. டி90-இன் சென்சார் பரப்பு டி.ஜி-6-இன் சென்சாரைப் போல் சுமார் 13 மடங்கு. மழை பெய்யும்போது முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்துப் பாருங்கள். அடைமழையில் இரண்டும் நிரம்பிவிடும். தூறலில்தான் டம்ளரின் பாடு தெரியும். வெளிச்சமும் அப்படித்தான். நண்பகல் வெயிலில் இரண்டு கேமராவின் படங்களையும் போனில் பார்த்தால் எது எதனுடையது என்று நீங்களே தடுமாறுவீர்கள். கல்யாண மண்டபத்தில், மாலை நேர வராந்தாவில், கோயில் பிரகாரத்தில் வேற்றுமை முகத்தில் அறையும்.

ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டி.ஜி-6-இன் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/2 வரை திறக்கும் (எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம்). உங்கள் 18-105 லென்ஸ் எஃப்/3.5-இல் தொடங்கி எஃப்/5.6-க்குப் போய்விடும். ஆகவே அந்த லென்ஸை மட்டுமே வைத்திருந்தால், இருட்டில் டி90-இன் சாதகத்தில் ஒரு பங்கு கரைந்துவிடும். டி90 வாங்கினால் கூடவே 35 எம்.எம். எஃப்/1.8 அல்லது 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸ் ஒன்றையும் பழையதாகத் தேடிப் பிடியுங்கள். டி90-க்குள்ளேயே குவிய மோட்டார் இருப்பதால் தமக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப்-டி வகை லென்ஸ்களும் தாமாகக் குவியும். டி3100, டி5100 போன்ற நிக்கான் மாடல்களில் அந்த மோட்டார் கிடையாது. அவற்றில் ஏ.எஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் திருக வேண்டும். கடைக்காரர்கள் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம்.

வீடியோவுக்காக டி90 வாங்காதீர்கள். வீடியோ எடுத்த முதல் டி.எஸ்.எல்.ஆர். என்ற பெருமை அதற்கு உண்டு, பெருமையோடு சரி. 720பி தரத்தில் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம்தான், எடுக்கும்போது தானாகக் குவியவும் செய்யாது.

முடிவெடுக்க ஒரு வழி சொல்கிறேன். சென்ற ஓராண்டில் நீங்கள் எடுத்த படங்களைப் போனில் புரட்டுங்கள். இருட்டாலும் அசைவாலும் கெட்ட படங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு, நனைந்துவிடுமே என்ற பயத்தில் எடுக்காமலே விட்ட தருணங்கள் எத்தனை என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எது அதிகமோ அதற்கேற்ற கேமராவை வாங்குங்கள். எனக்கு எழுதுபவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு முதல் எண்ணிக்கைதான் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் நீர்புகாக் கேமராவின் பெட்டியில் 15 மீட்டர் வரை தண்ணீர் புகாது என்று போட்டிருக்கிறது. குற்றாலத்தில் அருவிக்கு நேர் கீழே பிடிக்கலாமா?
– மளிகைக் கடைக்காரர், தென்காசி

பிடிக்கலாம், ஆனால் அந்த 15 மீட்டரை நம்பியல்ல. அது அசையாத நன்னீரில், புதிய ரப்பர் அடைப்போடு சோதித்த அளவு. அருவி அசையாத நீர் அல்ல. ஓரமாக நின்று சாரலில் எடுங்கள். பேட்டரி மூடி இருக்கும் பக்கத்தை நேரடி வீழ்ச்சிக்குக் காட்டாதீர்கள்.

குற்றாலத்துக்கென்றே இன்னோர் எச்சரிக்கை: எண்ணெய் தேய்த்த கையோடு கேமராவைத் தொடாதீர்கள். வழுக்கி விழும் என்பது ஒருபுறம். லென்ஸின் முன்கண்ணாடியில் எண்ணெய் படிந்தால், அன்றைய படங்கள் எல்லாவற்றிலும் பனி மூடியிருக்கும். பேட்டரி மூடியின் உட்புற ரப்பரில் எண்ணெய் படவே கூடாது.

இந்த ரப்பர் விஷயத்தை நான் அனுபவத்தில் படித்தேன். சில ஆண்டுகளுக்கு முன் படகுப் பயணம் ஒன்றில், மெமரி கார்டை மாற்றிவிட்டு மூடியை ‘டிக்’ என்று பூட்டினேன். துவாலையின் நூலிழை ஒன்று ரப்பரின் மேல் கிடந்ததை நான் பார்க்கவில்லை. மூன்றாவது முறை முக்கி எடுத்தபோது லென்ஸுக்குள் ஆவி படர்ந்தது; மாலைக்குள் கேமரா செத்துவிட்டது. உத்தரவாதத்தில் ‘பயன்படுத்தியவர் கவனக்குறைவு’ என்று எழுதித் தந்தார்கள். கோபம் வந்தது, ஆனால் அவர்கள் எழுதியது பொய்யில்லை. அன்றிலிருந்து மூடியைத் திறந்தால் மூடும்முன் வெளிச்சத்தில் பிடித்து, உலர்ந்த மென்துணியால் ஒரு சுற்றுத் துடைக்காமல் பூட்டுவதில்லை. கடற்கரை மணலில் உட்கார்ந்துகொண்டு திறப்பதும் இல்லை.

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போய் பவளப்பாறைகளைப் படம் எடுத்தேன். நண்பரிடம் இரவல் வாங்கிய நீர்புகாக் கேமராதான். எல்லாம் பச்சையும் நீலமுமாகச் செத்துப்போய்க் கிடக்கின்றன. கேமரா பழுதா?
– ஆசிரியர், திருகோணமலை

கேமராவில் பழுதில்லை. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். ஐந்து மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். ஒளி மேலிருந்து இறங்கும் தூரத்தோடு, பொருளிலிருந்து உங்கள் கேமராவுக்கு வரும் தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே மருந்து ஒன்றுதான்: கிட்டப் போங்கள். தண்ணீரில் ஒளி விலகுவதால் பொருள்கள் பெரிதாகவும் அருகிலும் தெரியும். போதும் என்று தோன்றும் இடத்திலிருந்து இன்னும் பாதி தூரம் நெருங்குங்கள். பாறையைத் தொடாமல்தான்.

வெயில் உச்சியில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். கேமராவில் நீரடி வண்ணச் சமநிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். நிறத்தைப் பிறகு திருத்த வசதியான, பதப்படுத்தாத ரா கோப்பாகச் சேமிக்கும் வசதி டி.ஜி-6, டி.ஜி-7 ஆகியவற்றில் உண்டு. நிக்கான் டபிள்யூ300 முப்பது மீட்டர் வரை இறங்கும், ஆனால் ரா கிடையாது. முகமூடியும் மூச்சுக்குழாயுமாக மேலே மிதந்தபடி எடுக்கும் உங்களுக்கு முப்பது மீட்டர் எதற்கு? ரா கோப்புதான் உதவும். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீரில் மிதக்கும் துகளெல்லாம் பனி பெய்வதுபோல் படத்தில் விழும்.

இந்தக் கேமராக்களுக்குள் தண்ணீர் புகாது. ஆனால் கை நழுவினால் கல்லைப் போல் மூழ்கும். மிதக்கும் கைப்பட்டை ஒன்று அவசியம் வாங்குங்கள். கரைக்கு வந்ததும், மூடியைத் திறக்காமல், ஒரு வாளி நன்னீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே திறக்க வேண்டும். உப்பு காய்ந்து படிகமானால் பித்தான்கள் இறுகிப்போகும்.

பாறைக்குழிகளில் இருக்கும் நத்தை, கடல் சாமந்தி, சிறு நண்டு ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். டி.எஸ்.எல்.ஆரும், மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸும் இல்லாமல் ஆய்வுக்கு உதவாது என்கிறார்கள். என்னிடம் அவ்வளவு பணம் இல்லை.
– கடல் உயிரியல் மாணவி, தூத்துக்குடி

இந்த மாதக் கேள்விகளில் தயங்காமல் குட்டி கேமராவைச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். அப்படிச் சொன்னவர்கள் ஆய்வுக்கூடத்தில் மேசைமேல் வைத்து எடுப்பவர்களாக இருக்கலாம். வழுக்கும் பாறையில், அலை எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் குந்தியிருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

முன்பு பாதகமாகச் சொன்ன சின்னச் சென்சார் இங்கே சாதகமாகிவிடுகிறது. சென்சார் சிறியதானால் தெளிவு கிடைக்கும் ஆழம் அதிகம். மேக்ரோ லென்ஸில் நத்தையின் ஓட்டு நுனி தெளிந்தால் விளிம்பு மங்கிவிடும், டி.ஜி வரிசையில் முழு ஓடும் கிடைக்கும். அந்த வரிசையின் நுண்ணோக்கி முறையில் லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் இருப்பதையும் குவிக்கலாம். குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த பல படங்களைக் கேமராவே ஒன்றாக இணைத்தும் தரும். அதற்கு உயிரினம் அசையாமல் இருக்க வேண்டும். நண்டிடம் இது பலிக்காது.

ஒரு தொல்லை உண்டு. அவ்வளவு நெருங்கினால் கேமராவின் நிழலே பொருளின் மேல் விழும். எல்.ஜி-1 என்ற சிறிய வளையத்தை லென்ஸைச் சுற்றி மாட்டினால், கேமராவின் சிறு விளக்கொளி அதன் வழியாகச் சுற்றிலும் பரவும். அளவுகோல் ஒன்றையும் படத்துக்குள் வையுங்கள். அது இல்லாத படத்தில் நத்தையின் அளவை யாரும் சொல்ல முடியாது.

வேடந்தாங்கல் பறவைகளுக்கு எது?
– ஓய்வுபெற்ற தபால்காரர், மதுராந்தகம்

டி.எஸ்.எல்.ஆர்., கூட தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 70-300 அல்லது 55-250 எம்.எம். லென்ஸ். குட்டி கேமரா ஏரிக்கரையிலிருந்து நாரைகளை வெள்ளைப் புள்ளிகளாகத்தான் காட்டும். மறுபேச்சே இல்லை.

பழைய கேமரா வாங்கும்போது ஷட்டர் எண்ணிக்கை (அதுவரை ஷட்டர் இயங்கிய தடவைகள்) எவ்வளவு இருக்கலாம்? வேறு எதைப் பார்க்க வேண்டும்?
– பலர்

டி90-இன் ஷட்டர் ஒரு லட்சம் தடவைக்கும், டி7000-இன் ஷட்டர் ஒன்றரை லட்சத்துக்கும் சோதிக்கப்பட்டவை. அது கெடு தேதி அல்ல. முன்பே போனதும் உண்டு, இரண்டு மடங்கு ஓடியதும் உண்டு. நிக்கானில் எடுத்த ஒரு படத்தின் உள்தகவலிலேயே எண்ணிக்கை இருக்கும். கேனனில் பல மாடல்கள் அதைப் படத்தில் எழுதுவதில்லை. ‘மூவாயிரம்தான் ஓடியிருக்கிறது’ என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

எண்ணிக்கையைவிட எனக்குப் பயம் பூஞ்சைமேல்தான். லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனை வழியாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு எஃப்/16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம்: கறுப்புப் பொட்டுகள் சென்சாரின் தூசு. தூசு துடைத்தால் போகும். லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டு சில விநாடி நீளும் ஒரு படம்: சிவப்பும் நீலமுமாக மின்னும் புள்ளிகள் ஏராளமாக இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று வெளியே எடுத்துப் பாருங்கள். டி90 எஸ்.டி.எச்.சி. கார்டை, அதாவது 32 ஜி.பி. வரைதான் ஏற்கும், 64 ஜி.பி. கார்டைப் போட்டுவிட்டுக் கேமரா கெட்டுவிட்டதாகப் புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு சொன்னதும் ஒன்று புலப்படும்: பழைய டி.எஸ்.எல்.ஆரின் கோளாறுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிபவை. பழைய நீர்புகாக் கேமராவின் கோளாறு தண்ணீருக்குள் போனால்தான் தெரியும். ரப்பர் அடைப்பு காலப்போக்கில் இறுகும். ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. முந்தையவர் மாற்றினாரா, எத்தனை முறை கீழே போட்டார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே டி.எஸ்.எல்.ஆர். பழையதாக வாங்குங்கள், நீர்புகாக் கேமரா வேண்டுமென்றால் காசு சேர்த்துப் புதிதாக வாங்குங்கள். விழுப்புரம் வாசகரும் இதைப் படிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் டி.எஸ்.எல்.ஆரை அரிசி டப்பாவில் போட்டு வைக்கலாமா?
– இல்லத்தரசி, நாகப்பட்டினம்

வேண்டாம். அரிசி ஈரத்தைப் பெரிதாக உறிஞ்சாது. அதன் மாவுத் தூசு கேமராவின் எல்லா இடுக்கிலும் போய் உட்காரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி, இவ்வளவு போதும். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கட்டும். 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் கிடந்தால் பூஞ்சைக்கு விருந்து. நிறம் மாறும் மணிகளாக வாங்கினால், மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். கேமராப் பைக்குள் மூடி வைத்துப் பீரோவில் பூட்டுவதுதான் மிகக் கெட்ட பழக்கம். பையின் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போகாதீர்கள். பையோடு வெளியில் வைத்து, அரைமணி கழித்துத் திறந்தால் லென்ஸில் வியர்க்காது.

என் போனே தூசும் நீரும் புகாத ஐ.பி.68 தரம். பிறகு தனியாக எதற்கு?
– மென்பொருள் பொறியாளர், கோவை

மழைக்கும் மேசையில் கொட்டிய காபிக்கும் போன் போதும். தண்ணீருக்குள் தொடுதிரை சொன்ன பேச்சைக் கேட்காது. ஐ.பி.68 சோதனையும் நன்னீரில்தான். உள்ளே நீர் போனால் பெரும்பாலான போன்களின் உத்தரவாதம் செல்லாது. கூடவே உங்கள் வங்கிக் கணக்கும் தொடர்பு எண்களும் மூழ்கும்.

பத்து வயது மகனுக்கு முதல் கேமரா. போட்டு உடைப்பானோ என்று பயம். நீர்புகாக் கேமராவே நல்லதா?
– தையற்கலைஞர், ஈரோடு

டி.ஜி-6 இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும்படி செய்யப்பட்டது. உங்கள் பயத்துக்கு அது பதில். உங்கள் மகனுக்குப் பதிலா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம். அதன் படங்கள் போன் படங்களைப் போலவே இருக்கும், ஒரு மாதத்தில் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். பழைய டி.எஸ்.எல்.ஆரில் கண்ணை ஒட்டிப் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது, திருகினால் பின்னணி மங்குகிறது, ஷட்டர் சத்தம் போடுகிறது. பிள்ளைகளைக் கட்டிப்போடுவது அதுதான். கேனன் 1200டி போன்ற எடை குறைந்த ஒன்றை, 50 எம்.எம். லென்ஸ் மட்டும் மாட்டி, கழுத்துப்பட்டையை அவன் வயிற்றுக்கு மேலே நிற்கும்படி குட்டையாகக் கட்டிக் கொடுங்கள். பட்டையைக் கழுத்தில் போடாமல் கேமராவைத் தொடக்கூடாது என்பது ஒன்றே விதியாக இருக்கட்டும்.