சின்ன அறை, பெரிய சிக்கல்: பெட்டி தள்ளும் புதிர்கள், கேள்வி பதில்

சோகோபான் என்பது பெட்டிகளைத் தள்ளி இலக்குக் கட்டங்களில் சேர்க்கும் புதிர் விளையாட்டு. அந்த வகை லெவல்களை அமைப்பதைப் பற்றிக் கேட்டவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

தக்கலை: அண்ணே, பத்மநாபபுரம் அரண்மனை முழுவதையும் ஒரே லெவலாக்குகிறேன். எங்கே தொடங்கலாம்?

அழிப்பதில் தொடங்குங்கள். ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடமும் வேண்டாம், ஒரு சின்ன அறை போதும்.

மார்த்தாண்டம்: 5க்கு 5 அறையில் பெட்டி நகரவே இடம் இல்லையே, புதிர் எங்கே வைப்பது?

இடம் இல்லாததில்தான். 25 கட்டத்தில் 16 சுவரை ஒட்டியவை. இதில் தள்ளலாம், இழுக்க முடியாது. அதனால் சுவரோரம் போன பெட்டி அந்தச் சுவரோடேதான் நகரும். மூலைக்குப் போனால் அங்கேயே கிடக்கும். நாலு பக்கமும் நகர மிச்சம் 9 கட்டம். நட்டநடுவில் ஒரு தூண் வையுங்கள். தூணை ஒட்டிய நாலு கட்டத்திலும் பெட்டி இனி நெடுக்காகவோ குறுக்காகவோ ஒரு வாக்கில்தான் போகும். ஆக, தாராளமான கட்டம் வெறும் 4! இரண்டு பெட்டியை விட்டால் எதை முதலில் தள்ளுவது என்ற தலைவலி தானாக வரும்.

ஆடுபவர் இழுக்க முடியாது, ஆனால் அமைக்கும் நீங்கள் இலக்கில் பெட்டிகளை வைத்து, இழுத்து இழுத்துப் பின்னோக்கி வாருங்கள். எங்கே நிறுத்தினாலும் அந்தத் தொடக்கத்துக்குத் தீர்வு உண்டு. ஆனால் குறுக்குவழி ஒன்று ஒளிந்திருக்கும், அதைத் தேடி அடைத்துவிடுங்கள்.

குளச்சல்: 8க்கு 8 ஆக்கினால் கடினம் கூடுமா?

நடை கூடும். எண் நகர்த்தும் 3க்கு 3 பலகையைப் பாருங்கள்: எட்டே எண், எட்டக்கூடிய நிலைகள் 1,81,440. மோசமான நிலையை 31 நகர்த்தலுக்குக் குறைவாக முடிக்க முடியாது. கட்டத்தைக் கூட்டாதீர்கள்.

குலசேகரம்: 10க்கு 10?

மேலே பாருங்கள்.

கருங்கல்: கடைசி நகர்வை ரத்து செய்து பின்வாங்கும் பட்டன் கொடுத்தால் சவாலே போச்சு. மூன்று தடவை போதும்.

எதற்கு மூன்று? சின்ன அறையில் ஒரு தப்பான தள்ளலே லெவலை முடித்துவிடும். யோசிப்பவனை முதலிலிருந்து நடக்கவிடுவது தண்டனை, புதிர் இல்லை. கணக்கில்லாமல் கொடுங்கள்.

வடசேரி: அண்ணன் சொல்வது சரி. பட்டன் இல்லாத விளையாட்டை நான் அன்றைக்கே அழித்துவிடுவேன்.

கருங்கல்: அப்போ யோசிக்காமல் தட்டித் தட்டியே முடித்துவிடுவானே!

தட்டியே முடிகிறதென்றால் லெவல் மோசம் மக்கா, பட்டன் என்ன செய்யும்? தள்ளல் எண்ணிக்கையைத் திரையில் காட்டுங்கள், பிடிவாதக்காரர்கள் அதோடு மல்லுக்கட்டட்டும்.

கருங்கல்: ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி.

இரணியல்: விளம்பரம் பார்த்தால் பட்டன், இல்லாவிட்டால் இல்லை என்று வைக்கலாமா?

அது வியாபாரம், என்னிடம் கேட்காதீர்கள்.

குழித்துறை: 12க்கு 12...

கட்டத்தைக் கூட்டாதீர்கள்!

கன்னியாகுமரி: கோடிங் தெரியாது. எதில் செய்து பார்க்கலாம்?

பஸில்ஸ்கிரிப்ட் என்ற, புதிர் விளையாட்டு செய்யும் கருவியில். ஸ்டீபன் லாவெல் 2013இல் வெளியிட்டது. இலவசம், பிரவுசரிலேயே ஓடும். விதிகளைச் சின்னச் சின்ன வரிகளாக எழுதினால் போதும். அதற்கும் முன்னால் கட்டம்போட்ட நோட்டும் நாலு புளியங்கொட்டையும் எடுத்து உட்காருங்கள்.